வில்லும் கடப்பாறையும்

எயினன் யார் என்று வகுப்பில் கேட்டால் மாணவிகள் உடனே சொல்லிவிடுவார்கள்: வில்லெடுத்து வேட்டையாடுகிறவன். எயிற்றி யார் என்று கேட்டால், எயினனின் மனைவி என்பார்கள். பதினைந்து ஆண்டுகளாகக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்திகூட ‘வேட்டைக்காரி’ என்று பதில் சொன்னதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்து வளர்ந்த படங்களில் வேடன் கையில் வில் இருக்கும்; பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கையில் தேன்குடுவையோ கிழங்குக் கூடையோ இருக்கும்.

விலங்குகள் பெருகிவிட்டால் கொன்று குறைக்கலாமா, கொன்றால் உண்மையிலேயே குறையுமா என்ற விவாதம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்கப் புறநகர்களில் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வில்வேட்டையை அனுமதிக்கிறார்கள். தமிழ்நாட்டில், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படுவது ஆயுதம்தான்: வில்லா, துப்பாக்கியா, கருத்தடை ஊசியா? கொல்லும் கை யாருடையது, அந்த இறைச்சி யார் வயிற்றுக்குப் போகிறது, கொல்லப்படுவது ஆணா பெண்ணா என்பதெல்லாம் பின்வரிசைக் கேள்விகள். என் மாவட்டமான திருவள்ளூரின் வரலாற்றை வைத்துக்கொண்டு அந்தப் பின்வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.

பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஆகவே அது நம்முடைய தொண்டை நாட்டுப் பாட்டு. பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே எயினர் குடியிருப்பு ஒன்றைக் காட்டுகிறார். ஈச்ச இலை வேய்ந்த குடிசை. உள்ளே, பிள்ளை பெற்றவள் மான்தோல் படுக்கையில் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். மற்ற எயிற்றியர் இரும்புமுனை கொண்ட கோலை எடுத்துக்கொண்டு போய்க் கரம்பை நிலத்தைக் குத்திக் கிளறி, புழுதி படியப் படியப் புல்லரிசி எடுக்கிறார்கள். எறும்புகள் சேர்த்து வைத்திருந்த அரிசி என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. பார்வை மான் என்பது மற்ற மான்களை வரவழைக்கப் பழக்கி வைத்த மான். அதன் பக்கத்திலேயே நில உரல். அதில் அந்த அரிசியைக் குற்றி, உவர்க்கிணற்று நீரில் சமைத்து, வாடூனோடு விருந்தினருக்குப் படைக்கிறார்கள்.

இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பார்வை மானைப் பற்றியே கேட்கத் தோன்றும். அதற்குத் தீனி போட்டுப் பழக்கியவர் யார்? புலவர் சொல்லவில்லை. முற்றத்தில் இருப்பவர்கள் பெண்கள். வேட்டை என்பது அம்பு விடுகிற அந்த ஒரு நொடி மட்டும்தானா, அல்லது மானைப் பழக்குவது, தடம் பார்ப்பது, தோலைப் பதப்படுத்துவது, ஊனை உப்பிட்டு உலர்த்துவது எல்லாம் சேர்ந்ததா? உழவில் ஏர் பிடிப்பதை மட்டும் வேலை என்று சொல்லி, நாற்று நடுவதையும் களையெடுப்பதையும் ‘ஒத்தாசை’ என்று ஒதுக்கிய அதே கணக்குதான் இங்கேயும் நடந்திருக்கிறது.

வில்லேந்திய பெண் நம் இலக்கியத்தில் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில், சாலினி தெய்வமேறி ஆடிக் கொற்றவைக்குக் கடன் கொடுக்கச் சொன்னதும், எயினர் தங்கள் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். பன்றிக் கொம்பு அவளுக்குப் பிறைநிலா, புலிப்பல் தாலி. கையில் வில்லைக் கொடுத்து, முறுக்குக் கொம்புள்ள கலைமானின்மேல் ஏற்றுகிறார்கள். பல்லவர் காலக் கொற்றவைச் சிற்பங்களிலும் சிங்கத்தோடு மான் நிற்பதைக் காணலாம். தெய்வமாக இருந்தால் பெண் கையில் வில் இருக்கலாம், சடங்கு முடிந்து இறங்கிவிட்டால் கடப்பாறைதான் என்பதாக இதை நான் வாசிக்கிறேன். வேறு மாதிரி வாசிக்கும் தோழிகள் இருக்கலாம்.

வேட்டையின் தடயம் இந்த மாவட்டத்தில் சங்க இலக்கியத்தைவிட மிகப் பழையது. கொசத்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே 1999 முதல் அகழாய்வு நடத்தியவர் சாந்தி பப்பு என்ற பெண் தொல்லியலாளர். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயதுடையவை என்ற முடிவை அவருடைய குழு 2011-ல் வெளியிட்டது. பூண்டி அருங்காட்சியகத்தில் இந்தப் பகுதிக் கற்கருவிகளை மாணவிகளோடு பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: கல்லில் ஆணுடையது, பெண்ணுடையது என்று எதுவும் எழுதியிருக்காது. அதை எழுதுகிறவர்கள் நாம்.

எழுதினார்கள். 1966-ல் சிகாகோவில் நடந்த மானுடவியல் மாநாட்டுக்கும், அதிலிருந்து 1968-ல் வந்த நூலுக்கும் ‘வேட்டைக்காரனான மனிதன்’ என்பதே பெயர். அந்த மனிதன் ஆண். பிறகு ஃபிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் அக்தா இனப் பெண்கள் வில்லும் நாய்களுமாகப் போய்ப் பன்றியும் மானும் வேட்டையாடுவதை ஆக்னஸ் எஸ்தியோகோ-கிரிஃபினும் பயன் கிரிஃபினும் 1981-ல் எழுதினார்கள். கைக்குழந்தை இருப்பது அந்தப் பெண்களுக்குப் பெரிய தடையாக இல்லை. 2020-ல், பெரு நாட்டின் மலைப்பகுதியில் 9,000 ஆண்டு பழைய கல்லறை ஒன்றில் ஈட்டிமுனைகளோடும் மற்ற வேட்டைக் கருவிகளோடும் புதைக்கப்பட்டிருந்தவர் ஓர் இளம்பெண் என்று தெரியவந்தது. எல்லாச் சமூகங்களிலும் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வேட்டையாடினார்கள் என்று இதை வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்ல முனைந்த அண்மைய ஆய்வு ஒன்றைச் சக ஆய்வாளர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். பெண்கள் வேட்டையாடவே இல்லை என்ற பழைய பாடம் உடைந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு அது போதும்.

காலனி ஆட்சி வேட்டையை இரண்டாகப் பிரித்தது. கனவான்கள் செய்வது விளையாட்டு, பழங்குடிகள் செய்வது திருட்டு. 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. உரிமம் வாங்கித் துப்பாக்கியோடு வருகிறவருக்குப் பருவம் குறித்துக் கொடுத்தார்கள். கண்ணி வைத்தும் வலை கட்டியும் பிடித்துத் தின்றவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். பெட்டை மானைச் சுடுவது கனவானுக்கு அழகல்ல என்று ஓர் ஒழுக்கமும் அவர்களிடம் இருந்தது. கேட்கப் பெண்ணுக்கு மரியாதை போலத் தோன்றும். பெட்டைக்குக் கொம்பு கிடையாது. சுவரில் மாட்ட ஒன்றுமில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவினையைத் துடைத்துப்போட்டது. வேட்டை எல்லோருக்கும் தடை. சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் வெடிமருந்து, துப்பாக்கியோடு வில்லும் அம்பும் கண்ணியும் வலையும் சேர்ந்திருக்கின்றன. அந்தச் சட்டம் தேவையாகத்தான் இருந்தது. வெளிமானும் புலியும் இன்று மிச்சமிருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் மகாராஜாக்களும் துரைகளும் பொழுதுபோக்கை இழந்தபோது, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்கள் சோற்றை இழந்தார்கள். உடும்பு போயிற்று, மான் போயிற்று. பாம்புத் தோல் வணிகமும் தடைசெய்யப்பட்டது. சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் ‘தீங்குயிரிகள்’ என்று சில உயிர்கள் மட்டும் பாதுகாப்பின்றி விடப்பட்டிருந்தன: காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. (2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது.) வயலுக்குள் இருளர் கையில் மிஞ்சியது எலி.

எலி பிடிப்பதை வேட்டை என்று யாரும் பாடுவதில்லை. ஆனால் விலங்கின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை ஒன்று இந்த மாவட்டத்தில் தலைமுறைகளாகத் தொடர்ந்து நடந்திருக்கிறதென்றால் அது இதுதான். அறுவடை முடிந்த வயலில் குடும்பமாக இறங்குவார்கள். வரப்பில் வளைகளைத் தேடி, புது மண் தள்ளியிருக்கிறதா, வாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளே எலி இருக்கிற வளையைக் கண்டுபிடிப்பார்கள். மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலும் தழையும் திணித்துக் கொளுத்தி, வாயை வளையில் பொருத்தி, துளை வழியாக ஊதுவார்கள். புகையில் எலி மயங்கியதும் கடப்பாறையால் வெட்டி எடுப்பார்கள். கூடவே, எலி கதிரைக் கத்தரித்து உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லும் வெளியே வரும். அந்த நெல்லைப் புடைத்துக் கழுவி உலர்த்திக் குற்றுவது பெண்கள் வேலை. பெரும்பாணாற்றுப்படை எயிற்றியரின் இரும்புமுனைக் கோலையும் புல்லரிசியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களின் நேர் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வேலை இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

இந்த முறையின் பயன் என்ன என்று கேட்டால், உயிரியல் சொல்லும் பதில் எளிமையானது. வயல் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரே ஈற்றில் ஆறு, எட்டு, பத்து என்று. வெளியே திரியும் நாலு எலியைக் கொன்றால் அந்த இடத்தை அடுத்த மாதமே வேறு எலிகள் நிரப்பிவிடும். விஷம் வைத்தால், துத்தநாக பாஸ்பைடு தின்று ஒன்று செத்ததும் மற்றவை அந்த இரையைத் தொடாது. செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து. வளையை வெட்டினால் தாயும் குட்டிகளும் சேமித்த தானியமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். நான் பேசிய ஒரு மூத்த இருளர் பெண்மணி (அவரை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) ஒரே வரியில் சொன்னார்: “எலியக் கொறைக்கணும்னா தாயப் புடிக்கணும் டீச்சர். கடுவன் எத்தினி ஓடுனாலும் ஓடட்டும்.”

அதே ஆயா வேறொன்றும் சொன்னார். ஒரு வரப்பில் ஏழு வளை இருந்தால் எல்லாவற்றையும் வெட்டமாட்டார்களாம். “ரெண்டு மூணு இருக்கட்டும். அடுத்த வருசம் நாங்க இன்னாத்த துன்றது?” நிலத்துக்காரருக்கு இது கேட்டால் கோபம் வரும். அவருக்கு எலி அறவே ஒழிய வேண்டும். ஆயாவுக்கு எலி இருக்க வேண்டும், அளவோடு. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லே நிலம் வைத்திருப்பவரின் பார்வையிலிருந்து வருவது. அந்த விலங்கைத் தின்று வாழ்கிறவர்களிடம் அப்படி ஒரு சொல் இல்லை.

இந்த வேலைக்கு உடல் கொடுத்த விலையும் உண்டு. வாயால் ஊதும்போது தீப்பொறி உதட்டைச் சுடும். புகை நெஞ்சுக்குள் போகும். வீட்டில் விறகடுப்புப் புகை, வயலில் பானைப் புகை என்று இருளர் பெண்கள் இரண்டையும் இழுத்தார்கள். திருவள்ளூரில் செயல்பட்ட ஒரு தொண்டு நிறுவனம், வாயால் ஊதாமல் கைப்பிடியைச் சுற்றிக் காற்றுச் செலுத்தும் இரும்புக் கருவி ஒன்றை வடிவமைத்து, 2003-ல் உலக வங்கியின் போட்டியில் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றது. அந்தக் கருவியைச் செய்யும் பட்டறையில் இருளர் பெண்களையே வேலைக்கு அமர்த்துவது திட்டத்தின் பகுதி. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் இத்தனை தலைமுறை இதே வேலையைச் செய்தபோது அதை யாரும் ‘தொழில்நுட்பம்’ என்று சொல்லவில்லை, ‘எலி தின்னும் சாதி’ என்றுதான் சொன்னார்கள். அந்த வசவு இன்னும் பள்ளிக்கூடங்களில் கேட்கிறது. என் வகுப்பிலும் கேட்டிருக்கிறேன்.

அதே அறிவு கடல் தாண்டினால் மதிப்பே வேறு. 2017-ல் ஃபுளோரிடாவின் சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்கர்கள் தமிழ்நாட்டிலிருந்து இருளர் இருவரை அழைத்தார்கள். சில நாட்களிலேயே 13 பாம்புகள் பிடிபட்டன. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அந்த இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். பிடித்துக்கொண்டு வந்த செய்தித்தாள் படங்களையெல்லாம் வகுப்பில் காட்டினேன். “இதுல பொம்பளைங்க யாரும் இல்லையா மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. பாம்பு பிடிப்பதில் பெண்களும் உண்டு என்று சொன்னேன். படத்தில் இல்லையே என்றாள்.

இப்போது மானுக்கும் வில்லுக்கும் வருவோம். அமெரிக்கப் புறநகர்களில் வெள்ளைவால் மான்கள் பெருகித் தோட்டங்களை மேய்கின்றன, கார்களில் மோதுகின்றன, காட்டில் இளஞ்செடிகளை வளரவிடுவதில்லை. துப்பாக்கி வெடிக்க முடியாத குடியிருப்புகளில் வில் வசதியானது: சத்தமில்லை, அம்பு அதிக தூரம் போகாது. எதிர்ப்பவர்களின் வாதமும் வலுவானதே. அம்பு குண்டைப்போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை, இரத்தப்போக்கால் கொல்கிறது. குறி பிசகினால் மான் அம்போடு ஓடிவிடும். எங்கோ புதருக்குள் மெல்லச் சாகும், அல்லது காயத்தோடு வாழும். பிரிட்டன் 1963-லேயே மான்மேல் அம்பு எய்வதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது.

பயன் பற்றிய விவாதத்தில் ஆயா சொன்னதே திரும்ப வருகிறது. ஓர் ஆண் மான் பல பெட்டைகளோடு சேரும். ஆண் மான்களில் பாதியைக் கொன்றாலும் அடுத்த ஆண்டுப் பிறப்பு பெரிதாகக் குறையாது. எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் பெட்டைகள் குறைய வேண்டும். வில்வேட்டைக்கு வருகிறவர்களில் பலர் கொம்பைத் தேடுகிறவர்கள். அவர்களிடம் பெட்டையைச் சுடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. சில மாநிலங்களில் முதலில் ஒரு பெட்டையைக் கொன்றால்தான் கொம்புமானுக்கு அனுமதி என்று விதியே வைத்தார்கள். வேட்டைக்காரருக்கும் அடுத்த பருவத்துக்கு மான் வேண்டுமல்லவா? ஆயா வெட்டாமல் விட்ட வளைகளின் அமெரிக்கப் பதிப்பு இது. ஒரு வித்தியாசம்: அங்கே அது பொழுதுபோக்கு.

நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் கார்னெல் பல்கலைக்கழகம் வேறு வழியையும் சேர்த்துப் பார்த்தது. 2007 முதல் வளாகத்துப் பெட்டை மான்கள் எழுபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துக் கருக்குழாயைக் கட்டினார்கள். சுற்றிலும் வில்வேட்டைக்கு அனுமதித்தார்கள். ஐந்து ஆண்டில் பெட்டைகள் குறைந்தன. மொத்த எண்ணிக்கை குறையவில்லை. சினைப்பை இருந்ததால் அந்தப் பெட்டைகள் கருத்தரிக்காமலே மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வந்தன. அந்த வாசனைக்குச் சுற்று வட்டாரத்து ஆண் மான்களெல்லாம் வளாகத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

கருக்குழாய் கட்டுவது என்ற சொல்லைப் படித்துவிட்டு எந்த இந்தியப் பெண்ணாலும் நெடுநேரம் சிரிக்க முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்து நரம்பு வெட்டியது ஆட்சியையே கவிழ்க்க உதவியது. அதன் பிறகு எந்த அரசும் ஆண் பக்கம் போகவில்லை. அறுவை முழுவதும் பெண் உடலுக்கு மாறியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். பெண்ணை மானோடு ஒப்பிடும் பழக்கம் நம் மொழியில் ஏராளம்: மான்விழி, மருண்ட பார்வை. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது, இங்கேயும் அதைச் செய்யவில்லை. மனிதக் கூட்டமோ விலங்குக் கூட்டமோ, ‘பெருகிவிட்டார்கள்’ என்று ஓர் அலுவலகம் முடிவுசெய்த பிறகு கத்தி எந்த உடலைத் தேடிப் போகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். பெட்டை மானைக் கொல்வது அறிவியல்படி சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. முடிவெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அறிவியல் கேள்வி அல்ல.

நம் பக்கத்தில் மான் ‘அதிகம்’ என்ற பேச்சு சென்னைக்குள்தான் கேட்கும். கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஐஐடி வளாகத்தில் நாய் கடித்தும், பிளாஸ்டிக் தின்றும் புள்ளிமான்கள் சாகின்றன. பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், மான் பிடிபட்ட அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து செத்துப்போகக்கூடிய விலங்கு. அதிகமாக இருப்பது மானா, குறைவாக இருப்பது நிலமா?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்ற ஊர் இருக்கிறது. பெரும்பாலும் தலித் மக்கள். ஊரார் காத்து வளர்த்த காடும் மேய்ச்சல் நிலமுமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டது. விறகும் மூலிகையும் ஆட்டுக்குத் தழையும் அந்தக் காட்டிலிருந்துதான் வந்தன. அவற்றைச் சுமந்து வந்த பெண்கள் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. அங்கே ஆலை அமைத்த பிரெஞ்சு நிறுவனத்தின்மேல் 2012-ல் பாரிஸ்வரை புகார் போனது. காடு போய்விட்டது. ஒரு மானை அடித்தால் சிறை. ஆயிரம் ஏக்கர் காட்டை அழிப்பதற்குப் பெயர் வளர்ச்சி. வேட்டையின் அறம் பற்றிப் பேசும் நம் நகரத்து நண்பர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை.

இன்னும் கொஞ்சம் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல் ராக்கெட் தளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். வேட்டையும் காட்டுக்கிழங்கும் மீனுமாக அங்கே வாழ்ந்த ஏனாதிகள் இடம் மாற்றப்பட்டார்கள். புள்ளிமான்கள் வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கேரளம் 2022-ல் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தபோது, சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைக்க வேண்டும் என்பது விதி. காரணம் புரிகிறது: இறைச்சிக்கு வழிவிட்டால் அந்தப் பெயரில் எல்லாவற்றையும் கொல்வார்கள். ஆனால் ஆயாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் நம்பவில்லை. கொல்றாங்க, சரி. துன்னாம பொதைக்கிறாங்களா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, அந்தச் சுடுகிற வேலைக்கு யாரை எடுக்கிறார்கள், கூலி எவ்வளவு என்று கேட்டார். பயிற்சி பெற்ற துறை ஆட்கள்தான் என்றேன்.

“இன்னா பயிற்சி?” என்றார் ஆயா.